பாதியில் எழுந்து போக வேண்டிய வேலைக்கு எந்த நேர முறை சரிவரும்?

ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி அறிக்கை வந்துவிடும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் எந்தெந்த பில்லைக் கணக்கில் காட்டியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். அதில் வந்த பில்லுக்குத்தான் நாம் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியும். 20ஆம் தேதிக்குள் அந்த மாத வரிக் கணக்கைக் காட்டும் 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். இடையில் கிடைக்கும் ஐந்தாறு நாளில் டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் எங்கள் கொள்முதல் பதிவையும் அந்த அறிக்கையையும் ஒவ்வொரு பில்லாக ஒத்துப் பார்ப்பதுதான் என் மாதத்திலேயே அதிகக் கவனம் கேட்கும் வேலை. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு 16ஆம் தேதி காலை. 143 பில்கள் ஒத்துப்போகவில்லை. எக்செல்லில் வரிசையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பதாவது வரிசையில் ஒரு நூல் பார்ட்டியின் பில். அவர்கள் அச்சடித்த பில்லில் எண்ணுக்கு முன்னால் கம்பெனியின் சுருக்கெழுத்து, ஒரு சாய்கோடு, அப்புறம் 0457. எங்கள் டாலியில் வெறும் 457. தொகை சரி, தேதி சரி, எண் மட்டும் வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்யப் போகும் நேரத்தில் கேட்டிலிருந்து போன். “அக்கா, வண்டி நிக்குதுங்க, ஈ-வே பில் இன்னும் வரலைங்க.” சரக்கு வண்டியோடு போக வேண்டிய அந்த மின் ரசீதைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பேக்கிங்கிலிருந்து ஒருவர் வவுச்சரோடு நிற்கிறார். அப்புறம் வங்கியிலிருந்து அழைப்பு. அப்புறம் எம்.டி. சார், டையிங் யூனிட்டுக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டார். 12 மணிக்கு வந்து பார்த்தால் அந்த 457ஐச் சரிபார்த்தேனா இல்லையா என்றே நினைவில்லை. மறுபடியும் ஃபைலை எடுத்துப் பில்லைத் தேடினேன். மாலை ஆறரைக்கு 52ஆம் வரிசையில் இருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதரை.

அன்றைக்கு நான் சோம்பலாக இருக்கவில்லை. ஒரு நிமிடம்கூடச் சும்மா உட்காரவில்லை. ஆனாலும் வேலை நகரவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருடத்தில் நேரத்தைக் கையாளச் சொல்லித்தரும் முறைகளில் பேர் பெற்ற நான்கை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தேன். எது நல்ல முறை என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. என் போன்ற மேசை வேலைக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நடுவில் எழுந்து போக நேர்ந்தால், விட்ட இடத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் எடை போடுகிறேன்.

முதலில் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்

எந்த முறையையும் எடுப்பதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். ஒரு தாளை நான்கு பகுதியாக மடித்து மேசையில் வைத்துக்கொண்டேன். முதலாளி, வெளி ஆட்கள், உள் ஆட்கள், நானே என்று நான்கு தலைப்பு. செய்துகொண்டிருக்கும் வேலை எப்போது அறுபட்டாலும் உரிய இடத்தில் ஒரு கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டு ஒரு கட்டு.

அந்த வாரத்தில் மோசமான நாளில் 27 கோடுகள் இருந்தன. முதலாளியால் வந்தவை நான்குதான். நாள் முழுக்க அவர்தான் கூப்பிடுகிறார் என்று நான் மனதில் வைத்திருந்த எண்ணம் தப்பு. ‘நானே’ என்ற கட்டத்தில் ஒன்பது கோடுகள். யாரும் கூப்பிடாமல் நானாக வாட்ஸ்அப்பைத் திறந்தது, டாலியை விட்டு வங்கி இருப்பைப் பார்க்கப் போனது, ஒன்றைத் தேடப் போய் வேறு ஃபோல்டரை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்பவர் அலுவலகங்களுக்கே போய், ஊழியர்களின் பின்னால் உட்கார்ந்து, கடிகாரம் வைத்து இதையே அளந்திருக்கிறார். அறுபடுவதில் கிட்டத்தட்டப் பாதி, ஆட்கள் தாங்களாகவே அறுத்துக்கொள்வது. ஒரு வேலை அறுந்தால் அதே வேலைக்குத் திரும்பச் சராசரியாக 23 நிமிடம் ஆகிறது. நடுவில் வேறு இரண்டு வேலைகளைத் தொட்டுவிட்டுத்தான் ஆட்கள் பழைய வேலைக்கு வருகிறார்கள். என் 16ஆம் தேதி அப்படியே இதில் இருக்கிறது: கேட், வவுச்சர், வங்கி, பாக்கி, அதற்கப்புறம்தான் 457.

உங்கள் தாளில் கோடுகள் எங்கே குவிகின்றன என்பதைப் பொறுத்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியிலிருந்து அறுபடுபவருக்கு உதவும் முறை, தானே அறுத்துக்கொள்பவருக்கு உதவாது.

ஆறு வரிப் பட்டியல்

எல்லாவற்றிலும் எளிமையானது இது. 1918ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனத் தலைவர் சார்லஸ் ஷ்வாபுக்கு ஐவி லீ என்ற ஆலோசகர் சொல்லிக்கொடுத்ததாக இது கதையாகச் சொல்லப்பட்டு வருகிறது. மாலை கிளம்பும்முன் நாளைக்குச் செய்ய வேண்டிய ஆறு வேலைகளை முக்கியத்துவ வரிசையில் எழுத வேண்டும். காலையில் வந்ததும் முதலாவதை எடுத்து, முடியும்வரை அதையே செய்ய வேண்டும். மீதமானவை அடுத்த நாள் பட்டியலுக்குப் போகும்.

என் கேள்விக்கு இந்த முறை நன்றாகவே பதில் சொல்கிறது. பத்து முறை எழுந்து போனாலும் பட்டியல் அப்படியே மேசையில் இருக்கிறது. அதற்கு நேரக் கணக்கு கிடையாது என்பதால் தள்ளிப்போவதும் இல்லை, குலைவதும் இல்லை.

வரியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஆரம்பத்தில் ‘2பி பார்க்கணும்’ என்று எழுதிவைத்தேன். அது மூன்று நாள் வேலை. மூன்று மாலையும் அந்த வரி அடிபடாமல் நின்று என்னைச் சோர்வாக்கியது. அப்புறம் ‘2பி: நூல் பார்ட்டிகள் மட்டும்’, ‘2பி: டையிங், கம்பேக்டிங்’, ‘2பி: லாரி வாடகை’ என்று பிரித்தேன். ஒரு வரி என்பது ஒரே உட்காரலில், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரத்தில், முடியக்கூடியதாக இருக்க வேண்டும். அதோடு கை முதலில் எதைத் தொடும் என்பதும் அந்த வரியிலேயே தெரிய வேண்டும். ‘பிஎஃப்’ என்று எழுதினால் காலையில் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. ‘பிஎஃப்: புதிதாகச் சேர்ந்த நான்கு பேரின் ஆதார் நகல் வாங்கு’ என்று எழுதினால் கால் தானாக ஸ்டிச்சிங் பக்கம் நடக்கிறது.

காலையில் எழுதுவதைவிட மாலையில் எழுதுவது நல்லது என்பதையும் அனுபவத்தில் கண்டேன். முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்று திட்டமாக எழுதிவிட்டாலே, செய்து முடிக்காமலேகூட, அந்த அரிப்பு குறைகிறது என்று மஸிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். எனக்கு இது வீட்டில் தெரிந்தது. பிள்ளைக்குச் சோறு போடும்போது லெட்ஜர் நினைவு வருவது குறைந்தது.

குறை என்ன? பட்டியலுக்குத் தேதி தெரியாது. எங்கள் மாதத்தில் 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வருமான வரி, கட்ட வேண்டும், 11ஆம் தேதி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி 3பி. இன்றைய ஆறு வரியில் மூழ்கிப்போனால் நான்கு நாள் தள்ளி நிற்கும் தேதி கண்ணில் படாது. அதனால் நோட்டின் பின் அட்டையில் மாதத் தேதிகளை ஒட்டிவைத்து, மாலைப் பட்டியல் எழுதும்முன் அதைத் திருப்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நேரக் கட்டங்கள்

அடுத்து எடுத்தது நாளைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் முறை. ஒன்பதரை முதல் பதினொன்று வரை 2பி, பதினொன்றேகால் முதல் பன்னிரண்டு வரை வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பது, இப்படி மாலைவரை. கணினியின் காலண்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஞாயிற்றுக்கிழமை இரவு வாரத்தையே நிரப்பி வைத்துவிட்டுப் பார்த்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

திங்கள் காலை பத்தேகாலுக்குள் முதல் கட்டம் உடைந்தது. அது உடைந்தால் அடுத்தது தள்ளும், அது மூன்றாவதைத் தள்ளும். மதியம் சாப்பிடப் போகும்போது திரையில் இருப்பதற்கும் நான் செய்துகொண்டிருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மாலை அரைமணி நேரம் கட்டங்களை இழுத்துச் சரிசெய்வதே ஒரு வேலையாகிவிட்டது. இரண்டு மாதம் விடாமல் செய்தேன். என் வேலைக்கு இது பொருந்தவில்லை.

குறுக்கீடு மட்டும் காரணம் இல்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மனிதர்கள் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். 1994ல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். கட்டம் போடும்போது நாம் எழுதுவது இந்த 34ஐத்தான். ஆகவே கட்டம் போடுகிறவர் நாளில் பாதிக்கு மட்டும் போட்டு, மீதியை வெறுமையாக விட வேண்டும். அப்படி விட்டவர்களுக்கே இந்த முறை நிற்கிறது.

கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற வேலைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்றும் சொல்வேன். புரோகிராம் எழுதுபவர்கள், டிசைன் செய்பவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இதைத்தான் முதலில் முயல வேண்டும். அவர்கள் தாளில் வெளி ஆட்களின் கோடு குறைவாக இருக்கும்.

இந்த முறையிலிருந்து நான் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்பதரையிலிருந்து பதினோரு மணி டீ வரும்வரை. அதை வாங்குவதற்குப் பேச வேண்டியிருந்தது. எம்.டி. சாரிடம் என் கோட்டுத் தாளைக் காட்டினேன். இதைக் காட்டியதுதான் வேலை செய்தது. வாயால் ‘தொந்தரவாக இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் குறையாகத் தெரிந்திருக்கும். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காலையில ஈ-வே பில்லை அந்தப் புள்ள போடட்டும், வவுச்சரெல்லாம் மூணு மணிக்கு மேல வாங்கிக்கோங்க” என்றார். எங்களிடம் சேர்ந்து ஆறு மாதமான பெண்ணுக்கு ஈ-வே பில் போடக் கற்றுக்கொடுத்தேன். பேக்கிங், ஸ்டோர் இரண்டு இடத்திலும் வவுச்சர் நேரத்தை ஒட்டினோம். முதல் வாரம் பழைய வழக்கத்தில் வந்து நின்றவர்களிடம் “மூணு மணிக்கு வாங்கண்ணா” என்று சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் எல்லோருக்கும் பழகிவிட்டது. காலண்டர் செயலி எனக்குத் தந்ததைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சு அதிகம் தந்தது.

25 நிமிட மணி

பொமோடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர், படிப்பில் மனம் ஊன்றாமல் தவித்தபோது, தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை மணியைத் திருகி வைத்துப் படித்ததிலிருந்து இந்தப் பெயர் வந்தது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு.

பில் என்ட்ரிக்கு இது அருமையான முறை. குவிந்துகிடக்கும் பில் கட்டைப் பார்த்தால் கையே வராது. 25 நிமிடம்தானே என்றால் வந்துவிடும். எங்கள் ஆபீஸ் பெண் மாலை நான்கு மணிக்கு மேல் இரண்டு சுற்று வைத்து அன்றைய பில்களை முடித்துவிடுகிறாள். அவள் தாளில் ‘நானே’ கோடுகள்தான் அதிகம். மணி ஓடுகிறது என்பதே போனைத் தொடாமல் தடுக்கிறது. கண்ணுக்கும் இது நல்லது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 நொடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வதை வேறெப்படியும் நாம் செய்வதில்லை.

எனக்குச் சரிவராததற்குக் காரணம் அதன் விதியிலேயே இருக்கிறது. ஒரு சுற்றைப் பிரிக்கக் கூடாது என்கிறார் சிரில்லோ. நடுவில் விட்டுப் போக நேர்ந்தால் அந்தச் சுற்று செல்லாது, புதிதாகத் திருக வேண்டும். வண்டி கேட்டில் நிற்கும்போது யாரும் மணி அடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். சில நாள் எட்டுச் சுற்று ஆரம்பித்து மூன்றுதான் முடித்தேன். செல்லாமல்போன ஐந்தும் நான் தோற்றதுபோல் தாளில் நின்றன. உழைத்த நேரத்தைச் செல்லாதது என்று எழுதும் முறை, குறுக்கீடு நிறைந்த மேசைக்கு நியாயமானது இல்லை. இன்னொன்று, 2பி ஒத்துப்பார்க்கும்போது மனம் ஓட்டம் பிடிக்கவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பிடித்த நேரத்தில் மணி அடித்துவிடும்.

எங்கள் ஊர் ஆபீஸ்களில் ஏற்கெனவே ஒரு மணி இருக்கிறது. பதினோரு மணி டீ, நான்கு மணி டீ. டீக்கு டீ என்று நாளைப் பார்க்கப் பழகியபோது, செயலி எதுவும் இல்லாமலேயே வேலைக்கும் ஓய்வுக்கும் எல்லை கிடைத்தது.

பெரிய முறையும் சின்ன முறைகளும்

டேவிட் ஆலன் 2001ல் புத்தகமாக எழுதிப் பரவிய முறை இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. தலையில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து எழுது, ஒவ்வொன்றுக்கும் அடுத்த அடி என்ன என்று முடிவு செய், உரிய பட்டியலில் போடு, வாரம் ஒருமுறை முழுவதையும் திரும்பிப் பார். பல துறை வேலைகளை ஒரே ஆள் சுமக்கும் மேலாளர்களுக்கு இது கைகொடுக்கும். எனக்கு வாராந்தரப் பார்வையில் உடைந்தது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்க வேண்டும். 14க்கும் 20க்கும் நடுவே வரும் சனிக்கிழமையில் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவே இல்லை. ஒரு வாரம் விட்டால் பட்டியல்மேல் நம்பிக்கை போய்விடுகிறது. நம்பிக்கை போனால் தலை மறுபடி எல்லாவற்றையும் தானே சுமக்க ஆரம்பிக்கிறது.

அதிலுள்ள இரண்டு நிமிட விதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை உடனே செய்துவிடு என்பது கேட்க நன்றாக இருக்கும். புதிதாக வந்து சேர்ந்த வேலைகளைப் பிரித்து உரிய பட்டியலில் போடும் நேரத்துக்குச் சொன்ன விதி அது. நாள் முழுக்கக் கடைப்பிடித்தால், கணக்குப் பிரிவில் வருவதெல்லாமே இரண்டு நிமிட வேலைதான். முக்கியமான வேலையின் நடுவில் செய்யும் இரண்டு நிமிட வேலைக்கு, மேலே சொன்ன 23 நிமிடத்தையும் சேர்த்தே கூலி கொடுக்கிறோம். நான் அந்த விதியை மூன்று மணிக்கு மேல் மட்டும் வைத்திருக்கிறேன்.

டொயோட்டா தொழிற்சாலையில் அட்டைகளை வைத்து உருவான கான்பான் பலகை, அதாவது எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எல்லோருக்கும் காட்டும் பலகை, மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு நல்லது. தனி ஆளுக்குப் பட்டியலே போதும்.

அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போடும் முறை அமெரிக்க அதிபர் ஐசனோவரின் பெயரால் வழங்குகிறது. 1954ல் ஒரு பேச்சில் அவர் இந்த வேறுபாட்டை, ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாக எடுத்துச் சொன்னார். தினசரி வேலையைப் பிரிக்க எனக்கு இது உதவவில்லை, கணக்கில் எல்லாவற்றுக்கும் கெடு இருப்பதால் எல்லாமே முதல் கட்டத்தில் போய் விழுகிறது. ஆனால் அந்தத் தாளில் முக்கியம், அவசரம் இல்லை என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘பில் எண் ஏன் ஒத்துப்போவதில்லை?’

அந்த வரிதான் எனக்கு அதிக நேரத்தை மீட்டுக்கொடுத்தது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அதில் சாய்கோடும் இணைப்புக்கோடும் வரலாம். பார்ட்டிகள் அச்சடித்ததை அப்படியே தளத்தில் ஏற்றுகிறார்கள். நாங்கள் அவசரத்தில் கடைசி எண்ணை மட்டும் டாலியில் தட்டுகிறோம். சிலர் 0457 என்று அச்சடித்துவிட்டு 457 என்று ஏற்றுகிறார்கள். ஒன்பதரை மணிக் கட்டத்தை இரண்டு வாரம் இதற்கே கொடுத்தேன். அதிகம் பில் வரும் முப்பது பார்ட்டிகளின் கணக்காளர்களோடு பேசி, அவர்கள் ஏற்றும் வடிவத்தை ஒரு அட்டையில் எழுதி, என்ட்ரி போடும் மேசையில் ஒட்டினோம். மூன்று மாதத்தில் 143 என்பது 40க்குப் பக்கத்தில் வந்து நின்றது. எந்த நேர முறையும் நூறு வரிசை வேலையை இப்படி இல்லாமல் ஆக்கித் தராது. உங்கள் மேசையிலும் மாதாமாதம் திரும்பி வரும் ஒரு தொல்லை இருக்கும். வேகமாகச் செய்யும் வழியைத் தேடும்முன் அது ஏன் வருகிறது என்று பாருங்கள்.

விட்ட இடம்

எந்த முறையை எடுத்தாலும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் எழுதினார். புது வேலையும் அதனால் கெடுகிறது. பின்னால் 2018ல் வந்த ஆய்வில் அவரும் இன்னொருவரும் ஒரு மருந்தையும் சோதித்தார்கள். எழுந்து போகும்முன், எங்கே இருக்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிட்டால் அந்த ஒட்டுதல் குறைகிறது.

நான் கீபோர்டுக்கு அருகில் பழைய பேக்கிங் ஸ்லிப்புகளின் பின்பக்கத்தை வெட்டிக் கட்டாக வைத்திருக்கிறேன். கேட்டிலிருந்து போன் வந்ததும், “ஒரு நிமிசம் இருங்கண்ணா” என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். அந்த நேரத்தில் எழுதுவது இவ்வளவுதான்: ‘வரிசை 112. டையிங் பில். தொகை சரி. வரி 18 பைசா வித்தியாசம். ரவுண்டு ஆஃபா பார்.’ அதைத் திரையின் கீழ் ஓரத்தில் ஒட்டிவிட்டு எழுந்து போவேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாலும் 112ஆம் வரிசையில் ரவுண்டு ஆஃபைப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஃபைலைத் தேட வேண்டாம், யோசிக்க வேண்டாம். ‘112’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அடுத்து செய்யப்போவது என்ன என்பதுதான் அதில் உயிர்.

நோட்டா, போனா?

செயலிகள் நிறைய இருக்கின்றன, நல்லவையும் உண்டு. எங்கள் ஊரில் பார்ட்டிகள் பில்லைப் படம் எடுத்து அனுப்புவது வாட்ஸ்அப்பில்தான். போனை அணைத்துவை என்ற அறிவுரை இங்கே நடக்காது. ஆனால் பட்டியலையும் போனிலேயே வைத்தால், அடுத்த வரி என்ன என்று பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் பதினைந்து புது மெசேஜ் கண்ணில் படும். அதனால் பட்டியல் நீளக் கோடு போட்ட நோட்டில், வாட்ஸ்அப் கணினித் திரையில் தனி ஜன்னலில். அதைத் திறப்பது பதினொன்று, இரண்டு, ஐந்து மணிக்கு. அவசரம் என்றால் போன் செய்யுங்கள் என்று பார்ட்டிகளிடம் சொல்லிவைத்தேன். செய்தவர்கள் குறைவு. மின்னஞ்சலை நாளுக்கு மூன்று முறை மட்டும் பார்க்கச் சொன்னபோது 124 பேருக்கு மன அழுத்தம் குறைந்ததா என்று 2015ல் குஷ்லெவ், டன் என்ற இருவர் சோதித்தார்கள். விருப்பம்போல் பார்த்த வாரத்தைவிட அந்த வாரத்தில் அழுத்தம் குறைவாகவே இருந்தது. தேதி நினைவூட்டலுக்கு மட்டும் போனின் காலண்டர் நோட்டைவிட நம்பகமானது, அதை அங்கேயே வையுங்கள்.

யாருக்கு எது

கணக்கு, நிர்வாகம், எச்ஆர், மெர்ச்சன்டைசிங் என்று பிறர் கேள்விக்குப் பதில் சொல்வதே பாதி வேலையாக இருப்பவர்களுக்கு: மாலையில் எழுதும் ஆறு வரி, காலையில் பேசி வாங்கிய ஒரே ஒரு கட்டம், விட்ட இடத் தாள். மூன்றும் சேர்ந்தால்தான் நிற்கும். கட்டம் கிடைக்காதவர்கள்கூட மற்ற இரண்டை வைத்தே ஓட்டலாம். தனியாக உட்கார்ந்து யோசிக்கும் வேலைக்கு நேரக் கட்டம், பாதி நாளுக்கு மட்டும். ஒரே மாதிரி வேலை குவிபவர்களுக்கும், தன் கைதான் போனுக்குப் போகிறது என்று கோட்டுத் தாளில் கண்டவர்களுக்கும் 25 நிமிட மணி. பத்துத் திட்டங்களை ஒருசேர நடத்துபவர்கள் ஆலனின் முறையை எடுக்கலாம், வாரத்தில் ஒரு மணி நேரம் உறுதியாகக் கிடைக்கும் என்றால்.

கால் சென்டர் போல ஒவ்வொரு நொடியையும் கணினியே கணக்கிடும் இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே நேரம் அவர்கள் கையில் இல்லை. அவர்களிடம் போய் நேரத்தைக் கையாளச் சொல்வது அநியாயம். அங்கே கேட்டு வாங்க வேண்டியது ஓய்வு இடைவேளையும் மனிதர்களால் முடிகிற இலக்கும்தான்.

தொடங்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை 15ஆம் தேதி ஆரம்பித்து மூன்றே நாளில் விட்டேன். நெருக்கடி வாரத்தில் எந்தப் புது வழக்கமும் வேர் பிடிக்காது. கணக்குப் பிரிவு என்றால் 21ஆம் தேதி நல்ல நாள், 3பி முடிந்து மூச்சு விட்டிருப்பீர்கள். அந்த வாரம் முழுக்கக் கோட்டுத் தாள் மட்டும். அடுத்த வாரம் மாலைப் பட்டியலும் விட்ட இடத் தாளும். அடுத்த மாதம் 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டிய கையோடு, உங்கள் கோடுகளை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் அந்தக் காலைக் கட்டத்தைக் கேளுங்கள். 14ஆம் தேதி 2பி வரும்போது அது உங்கள் கையில் இருக்கும்.